ஒரு நூல் கூடுதல்

போன மாதம் எங்கள் கதவுக் கடைக்கு ஒரு மெஷின் வந்தது. கதவில் பூட்டு உட்கார்வதற்குக் குழி எடுக்கிற மெஷின். மெஷின் வந்ததில் விசேஷம் ஒன்றுமில்லை. அது வந்த பெட்டிதான் என்னைப் படுத்திவிட்டது. வெளிநாட்டுப் பைன் மரப் பலகையில் அடித்த பெட்டி. கடப்பாரையை விட்டு முதல் பலகையை நெம்பினேன், குப்பென்று ஒரு வாசனை. பிசினும் எலுமிச்சைத் தோலும் கலந்தது போன்ற வாசனை. நெம்புவதை விட்டுவிட்டு அப்படியே பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். "என்னண்ணே, இடுப்புப் பிடிச்சிருச்சா?" என்றார் லோடு இறக்க வந்தவர். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். ஐம்பதை நெருங்குகிறவன் சொன்னால் யாரும் நம்பிவிடுகிற பொய் அது.

இந்த மாதிரிப் பெட்டிப் பலகையில்தான் அடைக்கலம் கிதார் செய்தான். சிரிக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் மெஷின் வந்த பெட்டிகளை உடைத்து விறகுக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் குவியலில் அரை நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பலகையாக விரல் கணுவால் தட்டிக் காதில் வைத்துப் பார்த்து, இரண்டே இரண்டைப் பொறுக்கினான். எனக்கு எல்லாப் பலகையும் ஒரே மாதிரிதான் கேட்டது. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்து பாடும்போது, "நீ வாய மட்டும் அசைடா, சத்தம் வேணாம்" என்று டீச்சர் சொல்லிவைத்த ஆள் நான். சுருதி விஷயத்தில் என் படிப்பு அதோடு முடிந்தது.

அடைக்கலத்தை உங்களுக்குத் தெரியாது. அரிமளத்தில் நான் தச்சு வேலை பார்த்த கதவு நிலைப் பட்டறைக்கு நாலு வீடு தள்ளி அவன் வீடு. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். திருவிழாக் கச்சேரி செட் ஒன்றில் பத்து வருஷம் கிதார் வாசித்தான். பிறகு புதுசாக ஒரு கீபோர்டு வாங்கினார்கள். அதில் ஒரு பட்டனை அமுக்கினால் கிதார் சத்தமும் வருமாம். அந்த ஆடியிலிருந்து அவனைக் கூப்பிடவில்லை. இருந்த வயலுக்கோ கண்மாயில் தண்ணீர் இல்லை. அவன் மனைவி வள்ளியின் அண்ணன் குவைத்தில் கட்டட வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். விசா வர மூன்று மாதம் ஆகும் என்றார்கள்.

போக அவனுக்கு விருப்பமில்லை. திருச்சியில் இசைக்கருவி விற்கிற ஒரு கடைக்காரர் இருந்தார். அவருக்கு இவன் உடைந்த கிதார்களை ஒட்டிக் கொடுத்திருக்கிறான். அவரிடம் போய்க் கேட்டான். "ஒண்ணு செஞ்சு கொண்டாங்க தம்பி. சுருதி சுத்தமா இருந்துச்சுன்னா மாசா மாசம் எடுத்துக்கிறேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே புருஷன் பெண்டாட்டி பேசி முடிவு செய்தார்கள். கடைக்காரர் கிதாரை எடுத்துக்கொண்டால் குவைத் இல்லை. எடுக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் விமானம் ஏற வேண்டும். ஆக, ஒரு கிதார், மூன்று மாதம்.

மரம்கூடக் கிடைத்துவிட்டது. முன்பலகைக்குப் பெட்டி மரம், முதுகுக்கும் பக்கங்களுக்கும் ஆலங்குடிப் பக்கத்துப் பலா. கருவிகளுக்குத்தான் வழியில்லை. எல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அந்த விலைக்கு அவன் கறவை மாடே வாங்கிவிடலாம். அதனால் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போம். இது என்ன வேலை செய்கிறது, அதே வேலையை நம் ஊரில் எது செய்யும் என்று யோசிப்போம். இப்படித்தான் ஒவ்வொன்றாகச் செய்தோம்.

முதலில் ரம்பம். கிதாரின் கழுத்தில் குறுக்கே கம்பிகள் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு ஃப்ரெட் என்று பெயர். அது உட்கார முடி அகலத்துக்குத்தான் வெட்டு விழ வேண்டும். சாதாரண ஹேக்ஸா பிளேடு வெட்டினால் வாய்க்கால் மாதிரி அகலமாகிவிடும். அதன் பல்லை இரண்டு பக்கமும் சாணைச் சக்கரத்தில் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்தோம். மூன்று பிளேடு ஒடிந்தது, நாலாவது நின்றது. வெட்டு ஆழமாகப் போய்விடாமல் தடுக்கப் பக்கவாட்டில் ஒரு பட்டி வேண்டியிருந்தது. அவன் மகள் கயல் அப்போது ஒண்ணாவது. அவள் ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டு அழுது வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் ஸ்கேல் அதற்குப் பலியானது. "அப்பா எனக்குக் கிதாரு தருவியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தாள். ஒத்துக்கொண்டான்.

பலாப் பட்டையை வளைப்பதற்கு போர்வெல் பைப்பில் ஒன்றரை அடி வெட்டி எடுத்தோம். அதைச் செங்கலுக்கு நடுவில் படுக்க வைத்து உள்ளே சிரட்டைக் கரியை மூட்டுவது. நனைத்த பட்டையைப் பைப்பின் மேல் வைத்து மெல்ல அழுத்தினால், ஒரு கட்டத்தில் மரம் பிடிவாதத்தை விட்டுக் கையோடு வரும். அப்போது வேகவைத்த பலாக்கொட்டை வாசனை அடிக்கும். "தெருவெல்லாம் மணக்குது, அடுப்புல பாத்தா ஒண்ணுமில்ல" என்பாள் வள்ளி.

வள்ளிக்கு எங்கள் மேல் வேறு வழக்கும் இருந்தது. கிதாரின் உள்விளிம்பில் ஒட்டுகிற பட்டியைப் பசை காயும் வரை பிடித்துக்கொள்ள ஐம்பது அறுபது கவ்விகள் வேண்டும். அவள் வீட்டுத் துணிக் கிளிப் முழுவதையும் எடுத்துவிட்டோம். பத்தாததற்கு சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிச் சுற்றினோம். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா? துணி பூராம் பறந்து கம்மாய்க்குப் போகுது" என்று என்னிடம் முறையிட்டாள். "கம்மாயிலதான் தண்ணி இல்லல்ல, போயி எடுத்துக்க" என்றான் அடைக்கலம். அவளும் சிரித்துவிட்டாள். தண்ணீர் இல்லாததை வைத்துச் சிரிக்கிற தெம்பு அந்த மூன்று மாதமும் அவர்களுக்கு இருந்தது.

பரணுக்கும் தரைக்கும் நடுவே மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்துச் செருகி, அது நிமிரப் பார்க்கிற வேகத்தில் பலகையை அழுத்த வைக்கிற வித்தை ஒன்று உண்டு. அதில் ஒரு பிளாச்சு தெறித்து என் நெற்றியில் அடித்தது. புருவத்துக்கு மேல் தழும்பு இன்னும் இருக்கிறது. கிதார் உலகத்துக்காக நான் சிந்திய ரத்தம் அவ்வளவுதான். பாலிஷ் போட்ட கிரானைட் துண்டில் உப்புத்தாளை ஒட்டி ஃப்ரெட்டுகளைச் சமப்படுத்தினோம். கம்பி உட்காரும் காடிகளை, கேஸ் வெல்டிங் முனை அடைத்துக்கொண்டால் குத்துகிற ஊசிக் கொத்தால் ராவினோம். பட்டறையில் எட்டு மணி நேரம் நிலைக்கதவோடு மல்லுக்கட்டிவிட்டு நேராக அவன் வீட்டுக்குப் போய்விடுவேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த காலம் வேறு இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றையும்விட முக்கியமானது ஓர் அளவுக்கோல். கம்பி தொடங்குகிற இடத்துக்கு ஒரு கோடு, இருபது ஃப்ரெட்டுக்கு இருபது கோடு, கம்பி வந்து முடிகிற கட்டைக்கு, அதை பிரிட்ஜ் என்பார்கள், கடைசியாக ஒரு கோடு. அந்தக் கோலைக் கழுத்தில் வைத்துத்தான் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அடைக்கலம் கயலின் பழைய நோட்டில் பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டான். மிச்ச நீளத்தைப் பதினேழு புள்ளி எட்டு ஒன்று ஏழால் வகுக்க வேண்டும், வருவதைக் கழிக்க வேண்டும், மறுபடி வகுக்க வேண்டும். கடைசியில் நோட்டை என்னிடம் நீட்டினான்.

"மொத்தம் இருவத்தஞ்சர இஞ்சு. அமுக்குறப்ப சுருதி லேசா ஏறும், அதுக்கான கூடுதலும் இதுலயே சேந்திருக்கு. நீயே கோலு செஞ்சு குடுத்துரு மாப்ள. ஒனக்குத்தான் கை நிக்கும்."

வேங்கை மரத்தில் இழைத்தேன். கத்தி முனையால் ஒவ்வொரு கோடாகக் கீறினேன். கடைசிக் கோட்டுக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது.

இங்கே எங்கள் பட்டறை வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நிலையோ, கட்டிலோ, தொட்டிலோ, எந்த நீளத்தையும் நாங்கள் அப்படியே வெட்டுவதில்லை. நீளத்தை நூலாக்குவோம். தச்சர் கணக்கில் நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. அதை எட்டால் வகுத்து மிச்சம் பார்ப்போம். ஒவ்வொரு மிச்சத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கொடி, புகை, சிங்கம், நாய், எருது, கழுதை, யானை, காக்கை. கெட்டது வந்தால் ஒரு நூல் கூட்டியோ குறைத்தோ நல்லதுக்குக் கொண்டுவந்துவிடுவோம். அந்த ஒரு நூல் பூச்சில் மறைந்துவிடும், கதவுக்கு ஒன்றும் ஆகாது.

இருபத்தைந்தரை இஞ்சுக்கு இருநூற்று நாலு நூல். எட்டால் வகுத்தால் மிச்சம் நாலு. நாலு என்றால் நாய். நாய் வந்தால் அந்தப் பொருளுக்கு உடையவன் ஊர் ஊராக அலைவான் என்பது எங்கள் கணக்கு. குவைத் விசாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவனுக்கு நாயா? ஒரே ஒரு நூல் கூட்டினால் எருது. எருது வந்தால் இருந்த இடத்திலேயே பிழைப்பு. கட்டிலுக்குப் பார்க்கிறோம், தொட்டிலுக்குப் பார்க்கிறோம், என் சிநேகிதனின் வாழ்வே தொங்குகிற பொருளுக்குப் பார்க்காமல் விடுவேனா? மற்றக் கோடுகளைத் தொடவில்லை. கடைசிக் கோட்டை மட்டும் ஒரு நூல் தள்ளிக் கீறினேன். எல்லாக் கோடுகளையும் அதே விகிதத்தில் நீட்டியிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம் என்பது பின்னால் தெரிந்தது.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். நல்ல காரியத்தைச் சத்தமில்லாமல் செய்ய வேண்டும் என்று ஒரு நினைப்பு வேறு. அவன் டேப் வைத்துச் சரிபார்க்கவும் இல்லை. கோலைத் தடவிப் பார்த்தான், "என்னா வேல!" என்றான், அவ்வளவுதான்.

பசை காய்வதற்குக் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் குடுமியான்மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே பாறையில் சங்கீத எழுத்துகளை வரிசை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நான் புளியோதரைப் பொட்டலத்தில் கவனமாக இருந்தேன். அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "வெட்டுனவன் தன் இஷ்டத்துக்கு ஒரு எழுத்த மாத்தியிருந்தா என்ன ஆயிருக்கும் மாப்ள? கல்லுல இருக்குன்னு எல்லாரும் அப்படியேல்ல பாடியிருப்பாக?" என்றான். அவனுக்கு என்ன, தோன்றியதைச் சொன்னான். நானும் வாயில் சோற்றோடு தலையாட்டினேன்.

திருச்சிக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கம்பி மாட்டினோம். வெறும் கம்பியை மீட்டியபோது வீடு முழுக்க நிறைந்தது. வள்ளி ஈரக் கையோடு வந்து நின்றாள். கயல் கை தட்டினாள். அடைக்கலம் விரல்களைக் கழுத்தில் மேலே நகர்த்தி வாசித்தான், நிறுத்தினான், முறுக்காணியைத் திருகினான், மறுபடி வாசித்தான்.

"மேல போகப் போக எங்கயோ உறுத்துதுடா."

"எனக்கு நல்லாத்தானே கேக்குது" என்றேன்.

"இல்ல மாப்ள, எறங்குது."

"புதுக் கம்பி இழுபடும்னு நீதானே சொன்ன? மூணு நாளா தூங்கவும் இல்ல. காது அசந்து போயிருக்கும். பேசாமப் படு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "அப்படித்தான் இருக்கும்" என்று ஒத்துக்கொண்டான். சத்தியமாக அப்போது எனக்கு அந்த நூல் ஞாபகத்திலேயே இல்லை. வாயை மட்டும் அசை என்று சொல்லப்பட்டவன் அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னேன், அதை அவன் நம்பினான்.

கிதாரை வள்ளியின் போர்வையில் சுற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் போர்வையை விலக்கியதும் முகம் மலர்ந்தார். முதுகைத் தடவினார், ஓரங்களைப் பார்த்தார், இது எல்லாம் வீட்டிலேயே செய்த கருவிகளால் செய்ததா என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் சுருதி பார்க்கிற சின்ன மெஷினைக் கழுத்து நுனியில் மாட்டினார். வெறும் கம்பிக்கு முள் நடுவில் நின்றது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தி மீட்டினார். முள் நடுவுக்கு வராமல் இடப்பக்கமே நின்றது. ஆறு கம்பிக்கும் அப்படியே.

"வேலப்பாடு அருமையா இருக்கு தம்பி. ஆனா மேல போகப் போக எறங்குதே. நல்லா வாசிக்கத் தெரிஞ்சவன் வாங்குவானா, சொல்லுங்க? கணக்கு எங்கயோ பெசகிருச்சு."

அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. வேங்கைக் கோல் கண்ணுக்கு முன்னால் வந்தது. கடைசிக் கோடு. ஒரு நூல்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். மடியில் கிதார். கொஞ்ச தூரம் வந்ததும் மெதுவாகப் பேசினான்.

"கணக்குல பெசகு இல்லடா. மூணு தடவ போட்டேன். கோலு நீ செஞ்சது, அதுலயும் பெசகு வராது. என் காதுதான் போயிருச்சு. நேத்து மொதல்ல உறுத்துச்சு, நீ சொன்னப்பறம் வாசிச்சேன், சுத்தமாக் கேட்டுச்சு. ஒரே சத்தம் ஒருக்கா கெட்டதாக் கேக்குது, ஒருக்கா நல்லதாக் கேக்குது. கெட்டத நல்லதுன்னு தூக்கிக்கிட்டு வந்திருக்கேன். செட்டுல என்னய நிப்பாட்டுனதும் இதுக்குத்தான்னு நெனைக்கிறேன். யாரும் மூஞ்சிக்கு நேரா சொல்லல."

கீரனூர் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கீரனூர் போனது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். டீயும் குடித்து முடித்தோம். சூடான கத்தியை விட்டுப் பசையை இளக்கி, பிரிட்ஜைப் பெயர்த்து, ஒரு நூல் முன்னால் தள்ளி ஒட்டினால் முடிந்தது. இரண்டு நாள் வேலை. விமானத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. இதெல்லாம் தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. வள்ளி முன்னால் நிறுத்தி ஏன்டா செய்தாய் என்று கேட்பானே என்ற பயம். கோழைத்தனம் என்பதைத் தவிர வேறு பெயர் அதற்கு எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவன் குவைத்தில் இருந்தான். துணிக் கிளிப்புகள் கொடிக்குத் திரும்பின. மூங்கில் பிளாச்சுகளை வள்ளி அவரைப் பந்தலுக்கு ஊன்றினாள். கிரானைட் துண்டு துவைக்கிற இடத்தில் சோப்பு வைக்கப் போனது, பைப்பைப் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டார். கிதார் பரணுக்குப் போனது. வேங்கைக் கோலை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஞாபகத்துக்காக என்று வள்ளி நினைத்தாள். வேறு யாரும் டேப் வைத்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் வாங்கினேன்.

பத்து வருஷம் ஆகிறது. வெள்ளிக்கிழமை அங்கே லீவு, நாலரை மணிக்கு எனக்குப் போன் செய்வான். என்ன சமையல், எவ்வளவு வெயில், ஊரில் மழையா, இவ்வளவுதான் பேச்சு. நடுவில் மூன்று முறை ஊருக்கு வந்தான். ஒரு முறைகூடக் கிதாரைத் தொடவில்லை. கோயிலில் ஸ்பீக்கர் அலறினால்கூட, "சுருதி சேந்திருக்கா மாப்ள? எனக்குத்தான் தெரியாதே" என்று என்னைக் கேட்பான். அவன் அதைத் தமாஷாகச் சொல்வதுதான் எனக்குத் தாங்காது.

பெட்டி வந்த அதே வாரம் வள்ளி கடைப்பக்கம் வந்திருந்தாள். கயல் இப்போது பிளஸ் ஒன். பள்ளிக்கூடத்தில் கிதார் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறாளாம். அப்பாவைக் கேட்டதற்கு, "நம்ம குடும்பத்துக்குக் காது கெடையாது தாயி, ஆசப்பட்டு அவமானப்பட வேணாம்" என்று சொல்லிவிட்டாராம். இரண்டு நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறாளாம். "நீங்க சொன்னாக் கேப்பாருண்ணே" என்றாள் வள்ளி.

அந்த வெள்ளிக்கிழமை போன் வந்ததும், வெயில் எப்படி என்று அவன் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

"மாப்ள, ஒன் காதுல ஒரு கோளாறும் இல்ல. கோலுல கடைசிக் கோட்ட நான்தான் தள்ளிப் போட்டேன். நாய்க் கணக்கு வந்துச்சு. நீ ஊரோட இருக்கணும்னு எருதுக்கு மாத்தினேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தான்.

"எம்புட்டு?" என்றான்.

"ஒரு நூல்."

"மூணு மில்லி." கணக்குப் போடுகிற குரல், பழைய குரல். "பிரிட்ஜ எடுத்து ஒட்டியிருந்தாச் சரியாயிருக்கும்."

"ஆமாடா."

"ரெண்டு நாள் வேல."

"ஆமா."

"பஸ்ல வாரப்ப ஒனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்" என்றேன்.

"சரி மாப்ள, வேலைக்கு வண்டி வந்திருச்சு. வைக்கிறேன்."

வெள்ளிக்கிழமை அவனுக்கு வண்டி வராது.

கயலுக்காவது அந்தக் கிதாரைச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று மறுநாள் கத்தியும் கோலும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். "வாங்க" என்றாள் வள்ளி. பதினைந்து வருஷமாக வாங்கண்ணே என்று கூப்பிட்டவள். அவன் சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தது. பரணில் ஏறிக் கிதாரை இறக்கினேன். போர்வையை விலக்கி பிரிட்ஜில் கை வைத்தேன். முன்பலகை அப்பளமாக உள்ளே நொறுங்கியது. பைன் மரத்தைக் கரையான் முழுசாகத் தின்றுவிட்டு, மேல் பாலிஷை மட்டும் விட்டுவைத்திருந்தது. கயல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எடுத்துக்கிட்டுப் போயிருங்க, எடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்கு" என்றாள் வள்ளி.

அதற்குப் பிறகு நாலு வெள்ளிக்கிழமை போய்விட்டது. நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்கிறது. இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். நாலரைக்கு முன்னாலேயே கடை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்போது ஐந்தரை ஆகிறது. ஒருவேளை சார்ஜ் இறங்கிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்க்கிறேன். முழுசாக இருக்கிறது.